கடன் தீர்க்கும் காலத்திற் கைப்பொருள்

இல்லறத்தாரிடையே அடிக்கடி எழும் வழக்கு ஒன்று உண்டு. வீட்டிற் கடன் இருக்கிறது. சேமிப்பென்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. மாத வருமானத்தில் உணவு, உடை, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றுக்கான செலவு போக ஒரு சிறு தொகை எஞ்சுகிறது. அத்தொகை முழுவதையும் கடனுக்கே கட்டிவிட வேண்டும் என்பார் ஒருவர். அதில் ஒரு பங்கையேனும் இடர்க் காலத்துக்கென எடுத்துவைக்க வேண்டும் என்பார் மற்றவர். இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆயினும், இருவரும் தத்தம் கூற்றையே பிடிவாதமாகப் பற்றி நின்றால் நட்டப்படுவது குடும்பமே. கடன் அட்டைக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கும் வீடுகளில் இவ்வழக்கு இன்று மிகவும் கூர்மையடைந்துள்ளது. அதனைத் தீர்க்கும் வழி யாதென்பதை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

கடன் அட்டை என்பது நம் பாட்டன்மார் அறியாத ஒரு பொருள். 1950ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரிலே, உணவுச்சாலைகளிற் பணமின்றி உண்டுவிட்டு மாத முடிவிற் கணக்குத் தீர்ப்பதற்கென டைனர்ஸ் கிளப் என்னும் அட்டை தோன்றியது. 1958ஆம் ஆண்டில் பாங்க் ஒவ் அமெரிக்கா என்னும் வங்கி, கலிபோர்ணியாவிலுள்ள பிரெஸ்னோ நகரத்து மக்கள் ஏறத்தாழ அறுபதினாயிரம் பேருக்குத் தன் அட்டைகளைத் தபாலில் அனுப்பிவைத்தது. முந்திய அட்டைக்கும் இதற்கும் ஒரு பெரும் வேறுபாடு இருந்தது. முந்தியதில் மாத முடிவில் முழுக் கணக்கையும் தீர்த்தாக வேண்டும். பிந்தியதிலோ ஒரு சிறு பகுதியைக் கட்டிவிட்டு, எஞ்சியதை வட்டியுடன் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடலாம். இன்று உலகெங்கும் வழங்கும் கடன் அட்டைகளின் இயல்பு இதுவே. அவற்றின் வசதியும் ஆபத்தும் அந்த ஓர் இடத்திலேயே அடங்கியிருக்கின்றன.

அவ்வட்டை இயங்கும் முறையை அறிந்துகொள்ளாதவர் அதன் கடனைத் தீர்ப்பது அரிது. மாதந்தோறும் ஒரு குறித்த நாளில் வங்கி கணக்கு முடித்துக் கூற்று ஒன்றை அனுப்புகிறது. அதன் பின் பணங் கட்டுவதற்குச் சில வாரத் தவணை உண்டு. அத்தவணைக்குள் முழுத் தொகையையும் கட்டிவிடுபவருக்கு வாங்கிய பொருள்களுக்கு வட்டி கிடையாது. முழுத் தொகையிற் சிறிதளவு குறைத்துக் கட்டினாலும் அச்சலுகை போய்விடும். பொருளை வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணிக்கப்படுவதோடு, அதன்பின் புதிதாக வாங்கும் பொருளுக்கும் பெரும்பாலும் வாங்கிய நாள் முதலே வட்டி ஓடத் தொடங்கும். அட்டையைக் கொண்டு இயந்திரத்திற் காசு எடுத்தாலோ, எடுத்த கணத்திலேயே தனிக் கட்டணமும் வட்டியும் சேர்ந்துவிடும். ஆகவே, நிலுவை வைத்திருக்கும் ஒருவர் அதே அட்டையில் அன்றாடச் சாமான்களையும் வாங்கிக்கொண்டிருப்பாராயின், அவர் தேயிலைக்கும் சீனிக்கும் வட்டி கொடுப்பவராகின்றார்.

அவ்வட்டியின் அளவும் நிலையானதன்று. 2020ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை மத்திய வங்கி, கடன் அட்டைக்கான வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 18 வீதத்தை மேவலாகாது என வரையறுத்தது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வரையறை நீக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே வட்டி நூற்றுக்கு 30 வீதத்தையுந் தாண்டிச் சென்றது. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் 28 வீதம் என்னும் வரம்பு மீண்டும் விதிக்கப்பட்டது. மூன்று ஆண்டுக் காலத்துள் ஒரே கடனின் பாரம் எவ்வளவு மாறியது என்பதை இதனால் உணரலாம். கடன்பட்டவர் ஒரு சதமும் மேலதிகமாகச் செலவு செய்யாதபோதும் அவரது வட்டி இவ்வாறு ஏறக்கூடும்.

வட்டிக்கு அடுத்தபடியாக அறிந்துகொள்ள வேண்டியது, கூற்றிலே ஆகக்குறைந்த கொடுப்பனவு என்று குறிக்கப்படும் தொகை. அதனைக் கட்டினாற் போதும் என்று எண்ணுவோர் பலர். கணக்கின் இலகு கருதி ஓர் உதாரணத்தை நோக்கலாம். ஒருவருக்கு அட்டையில் 200,000 ரூபா நிலுவை இருக்கிறது. வட்டி ஆண்டுக்கு 24 வீதம், அதாவது மாதத்துக்கு 2 வீதம். ஆகக்குறைந்த கொடுப்பனவு நிலுவையில் நூற்றுக்கு 5 வீதம் எனக் கொள்ளலாம். முதல் மாதம் வட்டியாக 4,000 ரூபா சேர்ந்து நிலுவை 204,000 ஆகிறது. அதில் 5 வீதமாகிய 10,200 ரூபாவை அவர் கட்டுகிறார். கடன் குறைந்தது 6,200 ரூபா மாத்திரமே. மறுமாதம் நிலுவை சற்றுக் குறைவதால் ஆகக்குறைந்த கொடுப்பனவும் சற்றுக் குறைகிறது. இவ்வாறே அவர் கட்டிக்கொண்டு போவாராயின், கடன் பாதியாகக் குறைவதற்கு 22 மாதங்கள் செல்லும். அந்தப் பாதி மறுபடி பாதியாவதற்கு இன்னும் 22 மாதங்கள் வேண்டும். ஐந்தரை ஆண்டுகள் ஒரு மாதமும் தவறாமற் கட்டிய பின்னரும் எட்டில் ஒரு பங்கு கடன் எஞ்சியே இருக்கும். அக்காலம் முழுவதும் அவர் புதிதாக ஒரு பொருளும் அட்டையில் வாங்கவில்லை என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

ஆதலின், கடனை விரைந்து தீர்க்க வேண்டும் என்பவரின் கூற்று வலிமையுடையது. சேமிப்புக் கணக்கில் வங்கி கொடுக்கும் வட்டி, அட்டைக்கு வங்கி அறவிடும் வட்டியிற் சிறு பங்கே. ஒரு கையால் 24 வீதம் கொடுத்துக்கொண்டு மறு கையால் 4 வீதமோ 5 வீதமோ வாங்குவது, ஓட்டை வாளியில் நீர் அள்ளுவதற்கு ஒப்பானது. கணக்கை மாத்திரம் நோக்கினால் இக்கூற்றை மறுக்க இயலாது.

கணக்கையே இன்னும் சற்று விரிவாகப் பார்க்கலாம். மேற்கூறிய 200,000 ரூபா கடனுள்ள இரு குடும்பங்கள் உள்ளன என வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் மாதச் செலவு போக 20,000 ரூபா எஞ்சுகிறது. முதற் குடும்பம் சேமிப்பை முற்றாக நிறுத்திவிட்டு 20,000 ரூபாவையும் மாதந்தோறும் அட்டைக்கே கட்டுகிறது. பதினொரு மாதங்கள் அவ்வாறு கட்டிப் பன்னிரண்டாம் மாதம் 5,400 ரூபாவளவில் கட்டியதும் கடன் தீர்ந்துவிடுகிறது. அக்குடும்பம் கொடுத்த மொத்த வட்டி ஏறத்தாழ 25,400 ரூபா.

இரண்டாவது குடும்பம் முதல் ஐந்து மாதங்களும் 12,000 ரூபாவை அட்டைக்குக் கட்டி, 8,000 ரூபாவை வேறொரு சேமிப்புப் புத்தகத்தில் இடுகிறது. ஐந்தாம் மாத முடிவில் அப்புத்தகத்தில் 40,000 ரூபா சேர்ந்துவிடுகிறது. அதன்பின் சேமிப்பை நிறுத்தி, 20,000 ரூபாவையும் அட்டைக்கே திருப்புகிறது. இக்குடும்பத்தின் கடன் பதினான்காம் மாதத்திலே தீர்கிறது. கொடுத்த வட்டி ஏறத்தாழ 34,200 ரூபா. முதற் குடும்பத்திலும் இரண்டு மாதங்கள் தாமதம். வட்டியில் ஏறக்குறைய 8,800 ரூபா மேலதிகம். பதினான்கு மாதங்களுக்குப் பிரித்துப் பார்த்தால் மாதத்துக்கு 630 ரூபா வரையில் ஆகிறது. சேமிப்புக்குக் கிடைக்கும் சிறு வட்டி இதிற் கொஞ்சத்தை ஈடுசெய்யும்.

பதினான்கு மாதங்களும் யாதொரு இடரும் நேராது கழிந்துவிடுமாயின் முதற் குடும்பமே கெட்டிக்காரக் குடும்பம். ஆனால், எந்த வீட்டிலே பதினான்கு மாதங்கள் அவ்வாறு கழிகின்றன? மாரி மழையிற் கூரை ஒழுகுகிறது, கிணற்று நீரிறைக்கும் இயந்திரம் பழுதடைகிறது, தாயார் திடீரென வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுகிறார், வேலைத்தலம் மூடப்படுகிறது. இவற்றுள் ஒன்றேனும் ஓராண்டில் வாராதிருப்பது அரிது.

அவ்வாறு வந்தால் மறுபடி அட்டையையே பயன்படுத்தலாமே, கடன் குறைந்திருப்பதால் அதிலே இடம் இருக்குமே என்று முதற் குடும்பத்தார் விடை கூறுவர். இவ்விடை மேலோட்டமாகப் பார்க்குமிடத்துச் சரியாகவே தோன்றும். அதன் குறைகள் நான்கு.

முதலாவது, இடர்க்காலச் செலவுகள் எல்லாம் அட்டையை ஏற்பனவல்ல. நள்ளிரவில் நோயாளியை ஏற்றிச் செல்லும் முச்சக்கர வண்டிக்காரருக்கும், கூரை வேயும் மேசனுக்கும், கிராமத்து மருந்துக் கடைக்கும் காசுதான் வேண்டும். அட்டையிலிருந்து காசு எடுத்தால் அதற்கு வரும் கட்டணமும் உடன் வட்டியும் முன்னரே கூறப்பட்டன.

இரண்டாவது, அட்டையிலுள்ள இடம் கடன்பட்டவரின் சொத்தன்று. அது வங்கி தந்த அனுமதி. அவ்வனுமதியைக் குறைக்கவும் நிறுத்தவும் வங்கிக்கு உரிமையுண்டு என்பது அட்டை ஒப்பந்தங்களிற் பொதுவாகக் காணப்படும் நிபந்தனை. நாட்டுக்கே நெருக்கடி வரும் காலத்தில், மக்களுக்குக் காசு தேவைப்படும் அதே வேளையில், கடன் கொடுப்போர் கையை இறுக்கிக்கொள்வது இயல்பு.

மூன்றாவது, வருமானமே நின்றுபோகும் இடர் ஒன்று உண்டு. அப்போது கூரைக்கும் மருந்துக்கும் மேலாக, அட்டையின் மாதக் கொடுப்பனவையே கட்ட வழியில்லாது போகும். கட்டத் தவறினால் தாமதக் கட்டணம் சேரும். தவறிய செய்தி 1990ஆம் ஆண்டின் சட்டமொன்றினால் அமைக்கப்பட்ட கொடுகடன் தகவல் பணியகத்தின் பதிவேடுகளிலும் ஏறும். பின்னொரு காலத்தில் வீடு கட்டவோ தொழில் தொடங்கவோ அக்குடும்பம் வங்கியை நாடும்போது அப்பதிவு குறுக்கே நிற்கும். இரண்டாவது குடும்பத்துக்கு ஆறாம் மாத முடிவில் வருமானம் தடைப்பட்டது எனக் கொள்ளலாம். ஏழாம் மாதம் அது கட்டவேண்டிய ஆகக்குறைந்த கொடுப்பனவு 7,200 ரூபாவளவில் இருக்கும். கையிலுள்ள 40,000 ரூபாவிலிருந்து அதனைக் கட்டி, எஞ்சியதில் அரிசி பருப்பும் வாங்கிச் சில வாரங்கள் தாக்குப் பிடிக்கலாம். கடனை ஒழுங்காகத் தீர்த்து முடிப்பதற்குக் காவலாக நிற்பது அச்சிறு சேமிப்பே என்பது இதனாற் புலனாகும்.

நான்காவது குறை மனம் பற்றியது. மாதக்கணக்காக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கடனைக் குறைத்துக்கொண்டு வந்த ஒரு குடும்பம், ஒரே நாளில் அது மறுபடி பழைய நிலைக்கு ஏறுவதைக் காணும்போது மனமுடைந்து போகிறது. இனி எவ்வளவு கட்டினாலும் இதுதான் கதி என்னும் சோர்வு பிறக்கிறது. அச்சோர்விலே அட்டை மறுபடியும் தாராளமாகப் பயன்படத் தொடங்குகிறது. கடனிலிருந்து மீள முயன்று தோற்ற பலரை மீண்டும் விழுத்தியது, வட்டிக் கணக்கிலும் மேலாக இந்த மனச்சோர்வே எனலாம்.

2022ஆம் ஆண்டு இவை நான்கையும் ஒருங்கே எடுத்துக்காட்டிய ஆண்டு. அவ்வாண்டு ஏப்ரல் 12ஆந் திகதி இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. செப்டெம்பர் மாதத்தில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, பொருள்களின் விலை முந்திய ஆண்டு அதே மாதத்தில் இருந்ததைப் பார்க்கிலும் நூற்றுக்கு 69.8 வீதம் கூடியிருந்தது. விலையும் வட்டியும் ஒருங்கே ஏறின. எரிபொருள் இன்மையாற் பலரின் தொழில் முடங்கியது. நாடு தன் கையிருப்பை இழந்தபோது நேர்ந்த கதியை அன்று ஒவ்வொரு குடும்பமும் வரிசையில் நின்று கண்ணாரக் கண்டது. வெளிநாட்டு நாணயக் கையிருப்பு ஒரு நாட்டுக்கு எத்தகையதோ, அத்தகையதே ஒரு குடும்பத்துக்கு இடர்க்காலச் சேமிப்பு.

ஆகவே, இவ்வழக்குக்குத் தீர்ப்பு யாதெனின், முதலில் ஒரு சிறு கைப்பொருளைச் சேர்க்க வேண்டும். அக்காலத்திலும் அட்டைக்கு ஆகக்குறைந்த கொடுப்பனவுக்கு மேலாகவே கட்டிவர வேண்டும். கைப்பொருள் நிறைந்ததும் சேமிப்பை நிறுத்தி, முழு வலிமையையும் கடன்மீது திருப்ப வேண்டும். கடன் தீர்ந்த பின்னரே பெருஞ் சேமிப்பைத் தொடங்க வேண்டும். இவ்வரிசை மாறலாகாது.

கைப்பொருள் சிறிதாக இருக்க வேண்டும் என்பதும் இங்கே வற்புறுத்தத்தக்கது. ஆறு மாதச் செலவைச் சேர்த்த பின்னரே கடனைத் தொடுவேன் என்பவர் பெருநட்டமடைவார். மேற்கூறிய கணக்கிலே 40,000 ரூபாவைச் சேர்ப்பதற்கு விலை 8,800 ரூபா. 400,000 ரூபாவைச் சேர்க்கும் வரை கடனை இழுத்தடித்தால் வட்டி பன்மடங்காகிவிடும். அரை மாத அத்தியாவசியச் செலவுக்கும் ஒரு மாதச் செலவுக்கும் இடைப்பட்ட ஒரு தொகை, கடன் தீர்க்கும் காலத்துக்குப் போதுமானது. நிலையான சம்பளமுள்ள உத்தியோகத்தர் ஒருவர் குறைந்த அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். கடற்றொழிலாளர், கமக்காரர், நாட்சம்பளக்காரர் ஆகியோரின் வருமானம் காலத்துக்குக் காலம் தடைப்படுவதாகையால், அவர்கள் கூடிய அளவைக் குறியாகக் கொள்வது நன்று.

அப்பொருளை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை வீட்டார் அனைவரும் முன்னரே கூடிப் பேசி முடிவு செய்துகொள்ளவேண்டும். இடர் என்பது எதிர்பாராதது, தவிர்க்க முடியாதது, தாமதிக்க முடியாதது என்னும் மூன்று இயல்புகளும் உடையது. தைப்பொங்கலும் தீபாவளியும் எந்த மாதத்தில் வருமென்பது எல்லாரும் அறிந்ததே. பாடசாலைத் தவணை தொடங்கும்போது கொப்பியும் சப்பாத்தும் வேண்டும் என்பதும் புதுமையன்று. உறவினர் வீட்டுத் திருமணமும் பூப்புனித நீராட்டு விழாவும் முற்கூட்டியே அறிவிக்கப்படுவன. இவை யாவும் அறிந்த செலவுகள். இவற்றுக்கு மாதாமாதம் வேறாகச் சிறிது ஒதுக்குவதே முறை. அறிந்த செலவுக்கு இடர்ப்பொருளை எடுப்பவர், இடர் வரும் நாளில் வெறுங்கையராய் நிற்பார்.

அடுத்து, அப்பொருளை எங்கே வைப்பது என்பது. வீட்டு அலுமாரியில் வைத்த காசு, வீட்டாரின் சிறு தேவைகளுக்கே கரைந்துபோகும். சம்பளம் வரும் கணக்கிலேயே கிடப்பதும் அவ்வாறே. நிலையான வைப்பில் இட்டால் காலத்துக்கு முன் எடுக்கும்போது வட்டியில் இழப்பு நேரும். இடர்ப்பொருளுக்கு ஏற்ற இடம் தனியான சாதாரண சேமிப்புக் கணக்கே. இந்நாட்டில் அதற்கு நீண்ட மரபும் உண்டு. இலங்கைச் சேமிப்பு வங்கி 1832ஆம் ஆண்டிலும், தபாலகச் சேமிப்பு வங்கி 1885ஆம் ஆண்டிலும் தோன்றின. அவ்விரண்டையும் வேறு சில அமைப்புகளையும் ஒன்றுசேர்த்தே 1971ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தேசிய சேமிப்பு வங்கி உருவாக்கப்பட்டது. வங்கிக் கிளை இல்லாத ஊர்களிலும் தபாலகத்தின் வாயிலாக அவ்வங்கியிற் பணம் இடவும் எடுக்கவும் வழியுண்டு. வட்டி மிகுதி என்னும் ஆசையால் அனுமதி பெறாத நிறுவனங்களில் இப்பொருளை இடுவது பேதைமை. இடர்ப்பொருளிடம் எதிர்பார்க்க வேண்டியது பாதுகாப்பும் உடன் கைக்கு வருதலுமே, பெருவட்டி அன்று.

சீட்டுப் பிடிப்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கும் சேமிப்பு முறை. கட்டாயமாக மாதந்தோறும் கட்டவேண்டியிருப்பது அதன் சிறப்பு. எனினும், சீட்டு விழும் நாளும் இடர் வரும் நாளும் ஒன்றாக அமைவது அரிது. ஏலச் சீட்டிலே அவசரத்துக்கு எடுப்பவர் பெருங்கழிவு கொடுத்தே எடுக்க வேண்டும். ஆதலாற் சீட்டை அறிந்த செலவுகளுக்குப் பயன்படுத்தலாமேயன்றி, இடர்ப்பொருளாகக் கருதுதல் தகாது.

சேர்க்கும் முறை யாது? மாத முடிவில் எஞ்சுவதைச் சேமிப்போம் என்பவருக்கு எஞ்சுவது ஒன்றுமில்லை. முன்னாளிலே நம் வீட்டுப் பெண்கள் உலையில் அரிசி இடுவதற்கு முன்னர் ஒரு பிடியை எடுத்து வேறொரு பானையில் இட்டனர். சமைத்து உண்ட பின்னர் மிஞ்சிய சோற்றை அவர்கள் சேமிக்கவில்லை. பிடியரிசியின் தத்துவம் இதுவே: முதலில் எடுத்துவைத்தல், எஞ்சியதில் வாழ்தல். சம்பளம் வந்த அன்றே சேமிப்புத் தொகை வேறு கணக்குக்குச் செல்லுமாறு வங்கிக்கு நிலையான கட்டளை கொடுத்துவிட்டால், இந்நாளில் அப்பிடியை வங்கியே எடுத்துவைத்துவிடும். அட்டைக்கான கொடுப்பனவையும் சம்பள நாளிலேயே கட்டிவிடுவது, தவணை தப்பாதிருக்கவும் வட்டி சிறிது குறையவும் உதவும்.

இம்முயற்சி நடைபெறும் காலத்தில் அட்டை ஓய்வு பெற வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். ஒரு பக்கம் நீரை இறைத்துக்கொண்டு மறுபக்கம் மடையைத் திறந்துவிடுபவர் கிணற்றின் அடியைக் காணமாட்டார். அட்டையைக் கைப்பையிலிருந்து எடுத்து வீட்டில் வைத்துவிடலாம். கடன் எல்லையைக் குறைக்குமாறு வங்கிக்கு எழுதலாம். அட்டைகள் பலவாயின், எல்லாவற்றுக்கும் ஆகக்குறைந்த தொகையைக் கட்டி, மிகுந்த வட்டியுள்ளதற்கே மேலதிகத் தொகை முழுவதையும் செலுத்துவது கணக்குக்கு ஒத்தது.

நகையை அடைவு வைத்து அட்டைக் கடனைத் தீர்க்கலாமா என்பது இல்லத்தரசிகள் பலரின் கேள்வி. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்து வரையறையின்படி கடன் அட்டைக்கு வட்டி 28 வீதமாக இருந்தபோது அடைவுக்கு 18 வீதமே. வட்டியை மாத்திரம் பார்த்தால் இலாபம் உண்டு. ஆனால், அட்டைக் கடன் வாளாது வளர்ந்தாலும் வீட்டிலுள்ள பொருளைக் கொண்டுபோவதில்லை. அடைவு தவணை தப்பினால் நகை ஏலத்திற் போய்விடும். மேலும், அட்டை வெறுமையானதும் அதனை மறுபடி நிரப்பும் குடும்பத்துக்கு ஈற்றில் இரண்டு கடன்கள் சேர்கின்றன. அட்டையை உண்மையாகவே நிறுத்திவிட்டு, மீட்கும் திகதியைக் குறித்து, மாதந்தோறும் கட்டி மீட்கும் உறுதியுள்ளவருக்கே இவ்வழி பொருந்தும்.

இடர் வந்து, கைப்பொருள் செலவாகிவிட்டது எனின் அதற்கு வருந்த வேண்டியதில்லை. அது வந்த வேலையைச் செய்து முடித்தது. அடுத்த மாதமே பழைய முறையிற் சேமிப்பைத் தொடங்கி, குறைந்ததை நிரப்பிவிட்டு, மீண்டும் கடனுக்குத் திரும்ப வேண்டும். கைப்பொருளாலும் தாங்கமுடியாத பேரிடர் நேர்ந்தால், தவணை தப்புவதற்கு முன்னரே வங்கிக்குச் சென்று நிலைமையைக் கூறித் தவணைகளை மாற்றியமைக்குமாறு கேட்பது நலம். கடன் கொடுத்தவரைக் கண்டு ஒளிந்து திரிவதனாற் கடன் ஒளிந்துவிடுவதில்லை.

ஈற்றாக, கடன் தீர்ந்த மறுமாதம் மிகவும் முக்கியமான மாதமாகும். அதுவரை அட்டைக்குச் சென்ற 20,000 ரூபா அன்று முதல் கைக்கு மீள்கிறது. அதனை வீட்டுச் செலவில் விட்டுவிட்டால் இரண்டு மாதங்களில் அது இருந்த இடமே தெரியாது போகும். இரண்டாவது குடும்பத்தின் அத்தியாவசியச் செலவு மாதத்துக்கு 80,000 ரூபா எனக் கொண்டால், மூன்று மாதச் செலவு 240,000 ரூபா. புத்தகத்தில் ஏற்கெனவே 40,000 ரூபா இருக்கிறது. வேண்டியது இன்னும் 200,000 ரூபா. மாதத்துக்கு 20,000 ரூபாவாகப் பத்து மாதங்களில் அது சேர்ந்துவிடும். கடனாக இருந்தபோது அதே 200,000 ரூபாவைக் கட்டி முடிக்கப் பதினான்கு மாதங்கள் சென்றன. சேமிப்பாகச் சேர்க்கும்போது பத்தே மாதங்கள் போதுமாகின்றன. முன்னே வட்டி அக்குடும்பத்துக்கு எதிராக வேலை செய்தது. இப்போது, சிறிதளவேனும், அதன் பக்கம் நின்று வேலை செய்கிறது.

கட்டு உறுதியில்லாத குளத்தில் எவ்வளவு மழை பெய்தாலும் நீர் தங்காது. இடர்க்காலச் சேமிப்பு குடும்பமென்னும் குளத்தின் கட்டுப் போன்றது. கடன் இருக்கும் காலத்தில் அக்கட்டு சிறிதாயிருக்கலாம், இல்லாதிருக்கலாகாது. அடுத்த சம்பள நாளிலே இதனைத் தொடங்க எண்ணும் குடும்பம் செய்யவேண்டியவை மூன்றே. அட்டைக் கூற்றை எடுத்து வட்டி வீதத்தைப் பார்த்தல். வீட்டின் அரை மாத அத்தியாவசியச் செலவைத் தாளில் எழுதுதல். தனிச் சேமிப்புப் புத்தகம் ஒன்றைத் திறத்தல். அவற்றை ஒரு பிற்பகற் பொழுதிலே செய்து முடிக்கலாம். அதன்பின் வேண்டப்படுவது பொறுமை ஒன்றே.